நான்கு டாம்கேட் ஓடினாலும் கணினி ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நிறுவனங்களுக்கான இணையதளப் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் கணினி இணைப்பில் வெளிவரும் தொடரைத் தவறாமல் வாசித்து வருகிறேன். கல்லூரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தங்களிடம் உள்ள ஒரே சர்வர் கணினியில் டாம்கேட் என்னும் சர்வர் மென்பொருளின் நான்கு இன்ஸ்டன்ஸ்களை (தனித்தனியாக ஓடும் பிரதிகளை) ஓட்டினால் அது நான்கு சர்வர்கள் வாங்கியதற்குச் சமம் என்றும், அவற்றில் ஒன்று நின்றாலும் இணையதளம் முடங்காது என்றும் அண்மைப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. இந்த யோசனையில் பாதி மிகவும் சரி. மறு பாதியை நம்பி ஒரு நிறுவனம் கொள்முதல் முடிவு எடுத்தால், சேர்க்கை தொடங்கும் நாளிலேயே அதன் விளைவைப் பார்த்துவிடும். சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் தொடங்கிவைத்து, 1999-இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்ட டாம்கேட், ஜாவாவில் எழுதப்பட்ட இணையப் பயன்பாடுகளை ஓட்டும் சர்வர் ஆகும். ஒரே டாம்கேட்டுக்குள் எத்தனை பயன்பாடுகளை வேண்டுமானாலும் வைக்கலாம். வெப்ஆப்ஸ் என்னும் கோப்புறையில் வார் கோப்பை (ஒரு பயன்பாடு முழுவதையும் அடக்கிய ஒரே கோப்பை) போட்டால் போதும், அதுவே விரித்து ஓட்டிக்கொள்ளும். இந்த எளிமையே பல இடங்களில் வினையாகிவிடுகிறது. சேர்க்கை விண்ணப்பம், கட்டணம், நூலகப் பட்டியல், விடுதிக் கணக்கு என்று ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போய், எல்லாம் ஒரே ஜாவா இயந்திரத்துக்குள் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருளுக்குள்), ஹீப் எனப்படும் ஒரே வேலை நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. நூலகத்தின் இரவல் அறிக்கையை யாரோ ஒருவர் பத்து ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கிறார். அந்த ஒரு கோரிக்கை ஹீப்பை நிரப்புகிறது. ஜாவா, பயன்படாத பொருள்களைத் தேடித் துப்புரவு செய்வதிலேயே செயலியின் நேரத்தையெல்லாம் செலவிடுகிறது. நூலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தந்தை, மகளுக்குக் கட்டணம் செலுத்த வந்து, திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நூலகப் பயன்பாட்டை மட்டும் நிறுத்தி மீண்டும் தொடங்கும் பொத்தான் டாம்கேட்டின் மேலாண்மைப் பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் நினைவகம் தீர்ந்துபோன ஜாவா இயந்திரத்தை அதன்பின் நம்ப முடியாது என்பதால், முழுவதையும் ரீஸ்டார்ட் செய்வதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அப்போது நான்கு பயன்பாடுகளும் சேர்ந்தே நிற்கும்.

இதற்குத் தீர்வு, பயன்பாட்டுக்கு ஓர் இன்ஸ்டன்ஸ் என்று பிரிப்பதுதான். டாம்கேட்டை எழுதியவர்கள் இதற்கென்றே ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்திருக்கிறார்கள் என்பதையும், அது டாம்கேட்டோடு வரும் ரன்னிங் என்னும் உரைக்கோப்பிலேயே விளக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம். டாம்கேட்டின் நிரல் இருக்கும் இடம் கேடலினா ஹோம். ஒவ்வோர் இன்ஸ்டன்ஸுக்கும் உரிய அமைப்புகள் இருக்கும் இடம் கேடலினா பேஸ். பின், லிப் ஆகிய கோப்புறைகள் ஹோமில் ஒரே ஒரு முறை இருந்தால் போதும். கான்ஃப், லாக்ஸ், டெம்ப், வெப்ஆப்ஸ், வொர்க் ஆகியவை ஒவ்வொரு பேஸிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். எந்த இன்ஸ்டன்ஸைத் தொடங்குகிறோமோ அதன் பேஸை மட்டும் மாற்றிக் கொடுத்து, ஒரே தொடக்க ஸ்கிரிப்டை அழைக்கலாம்.

நடைமுறையில் பெரும்பாலோர் செய்வது வேறு. டாம்கேட்டின் முழுக் கோப்புறையையும் நகலெடுத்து, டாம்கேட்1, டாம்கேட்2 என்று பெயரிட்டு, போர்ட் எண்களை (கணினிக்கு வரும் இணைப்பு எந்த மென்பொருளுக்கு என்று பிரிக்கும் எண்களை) மாற்றி ஓட்டிவிடுகிறார்கள். அன்றைய வேலை அன்று முடிந்துவிடும். சிக்கல் பின்னால் வரும். 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்று பெயர் பெற்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானது. 8009 போர்ட்டில் இயல்பாகவே திறந்திருந்த ஏஜேபி இணைப்பின் (முன்னால் நிற்கும் இணைய சர்வர் டாம்கேட்டோடு பேசும் வழியின்) வழியாக, வெளியாள் ஒருவர் பயன்பாட்டுக்குள் இருக்கும் அமைப்புக் கோப்புகளைப் படிக்க முடியும் என்பதே அந்தக் குறைபாடு. 7.0.100, 8.5.51, 9.0.31 ஆகிய பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது. ஹோம், பேஸ் என்று பிரித்து வைத்திருந்தவர்கள் ஹோமை ஒரே ஒரு முறை மாற்றிவிட்டு, பேஸ்களின் அமைப்புக் கோப்பில் ஏஜேபி வரியைச் சரிபார்த்து, ஒவ்வோர் இன்ஸ்டன்ஸாக ரீஸ்டார்ட் செய்ததோடு வேலை முடிந்தது. முழு நகல்களாக வைத்திருந்தவர்கள் அத்தனை நகல்களையும் தேடிப் பிடித்துத் தனித்தனியாக மேம்படுத்த வேண்டியிருந்தது. யாருக்கும் நினைவில்லாத ஒரு நகல், பழைய பதிப்பிலேயே, பழைய போர்ட்டைத் திறந்துவைத்தபடி ஓடிக்கொண்டிருப்பதை இன்றும் பார்க்க முடிகிறது.

போர்ட் எண்களைக் கட்டுரை ஒரே வரியில் கடந்து சென்றுவிட்டது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுதான். டாம்கேட்டின் அமைப்புக் கோப்பில் இயல்பாக 8080 என்பது உலாவிகள் வந்து சேரும் போர்ட். 8005 என்பது நிறுத்தக் கட்டளைக்கான போர்ட். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது வழக்கம். இரண்டு மறதிகளுக்கும் அறிகுறிகள் நேர்மாறானவை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். 8080 ஏற்கெனவே வேறோர் இன்ஸ்டன்ஸிடம் இருந்தால், இரண்டாவது டாம்கேட் அந்த முகவரி பயன்பாட்டில் உள்ளது என்ற பிழையை லாக்கில் (செயல்பதிவுக் கோப்பில்) எழுதிவிட்டு, இயல்பான அமைப்பில் தொடர்ந்து உயிரோடு இருக்கும். செயல்முறைப் பட்டியலில் தெரியும், ஆனால் யாருக்கும் பதில் சொல்லாது. 8005 இன்னொன்றிடம் இருந்தாலோ, பயன்பாடுகள் எல்லாம் ஏறி, சர்வர் இத்தனை மில்லி விநாடியில் தொடங்கியது என்ற நல்ல செய்தியும் லாக்கில் பதிவாகி, அடுத்த நொடியே அது தானாக நின்றுவிடும். நல்ல செய்தியோடு வாசிப்பதை நிறுத்திவிடுபவருக்கு ஏன் நின்றது என்பது விளங்கவே விளங்காது.

இதைவிட மோசமானது நிறுத்தும்போது நேர்வது. நிறுத்த ஸ்கிரிப்ட், தனக்குச் சொல்லப்பட்ட பேஸின் அமைப்புக் கோப்பைத் திறந்து, அதில் உள்ள நிறுத்தப் போர்ட்டுக்கு ஒரு சொல்லை அனுப்புகிறது. அந்தப் போர்ட்டில் காத்திருப்பது எந்த இன்ஸ்டன்ஸ் என்று அதற்குத் தெரியாது. நகலெடுத்த கோப்பில் 8005 அப்படியே இருந்தால், விடுதிக் கணக்கை நிறுத்துவதாக எண்ணிக் கொடுத்த கட்டளை கட்டணப் பக்கத்தை நிறுத்திவிடும். அந்தப் போர்ட்டுக்கு -1 என்று மதிப்பிட்டு அதை மூடிவிட்டு, தொடங்குவதையும் நிறுத்துவதையும் லினக்ஸின் சிஸ்டம்டி சேவையிடம், இன்ஸ்டன்ஸுக்கு ஒரு சேவைப் பெயர் என்ற கணக்கில், ஒப்படைத்துவிடுவதே என் பரிந்துரை. ஏஜேபி தேவைப்படாத இடங்களில் அந்த வரியையும் நீக்கிவிடலாம்.

இனி சரியல்லாத பாதிக்கு வருகிறேன். நான்கு இன்ஸ்டன்ஸ் என்றால் நான்கு மடங்கு திறன் என்ற எண்ணம், ஒரே கேஸ் சிலிண்டரில் நான்கு அடுப்பை இணைத்துவிட்டு நான்கு சிலிண்டர் இருப்பதாகக் கணக்குச் சொல்வது போன்றது. நினைவகத்தையே எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச ஹீப் அளவை நாம் குறிப்பிடாவிட்டால், ஜாவா இயந்திரம் கணினியின் மொத்த நினைவகத்தில் கால் பங்கைத் தனக்கு உரிய உச்சவரம்பாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இன்னும் மூன்று ஜாவா இயந்திரங்கள் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. 16 ஜிபி கணினியில் நான்கு இன்ஸ்டன்ஸ்களும் தலா 4 ஜிபி வரை வளரலாம் என்றால், ஹீப்புக்கு மட்டுமே 16 ஜிபியும் போய்விடும். வகுப்புகளின் விவரங்களை வைத்திருக்கும் மெட்டாஸ்பேஸ், ஒவ்வொரு திரெட்டுக்கும் (ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலை இழைக்கும்) வேண்டிய இடம், இயங்குதளம், அதே கணினியில் ஓடும் தரவுத்தளம் ஆகிய எதற்கும் அதில் இடம் இல்லை.

சாதாரண நாள்களில் இது வெளியே தெரியாது, ஏனென்றால் நான்கும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. தொடும் நாளில், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகத்தை அதிகம் பிடித்துவைத்திருக்கும் ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். அது பெரும்பாலும் அந்த நேரத்தில் அதிக வேலை செய்துகொண்டிருக்கும் இன்ஸ்டன்ஸாகவோ, நான்குக்கும் அடிப்படையான தரவுத்தளமாகவோதான் இருக்கும். டாம்கேட்டின் லாக்கைத் திறந்தால் வரிகள் பாதியில் நின்றிருக்குமே தவிர, காரணம் எதுவும் எழுதப்பட்டிருக்காது. கெர்னலின் லாக்கைப் பார்க்கத் தெரிந்தவருக்கே அது புலப்படும். டாம்கேட் காரணமே இல்லாமல் விழுந்துவிடுகிறது என்று என்னிடம் வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பேஸுக்குள்ளும் பின் (bin) என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, செட்என்வ் என்னும் சிறு ஸ்கிரிப்டை அங்கே வைத்து, அதில் எக்ஸ்எம்எக்ஸ் என்னும் அதிகபட்ச ஹீப் அளவைத் திட்டவட்டமாக எழுதிவிட்டால் இது நேராது. ஆனால் அப்படி எழுத உட்காரும்போதுதான், 16 ஜிபியை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது எவ்வளவு சொற்பம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

தரவுத்தள இணைப்புகளிலும் இதே பெருக்கல்தான். ஒரே பயன்பாட்டை நான்கு இன்ஸ்டன்ஸ்களில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் 40 இணைப்புகள் என்று வரம்பு வைத்தால், உச்ச நேரத்தில் 160 இணைப்புகள் கேட்கப்படும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக ஏற்பது 100. வரிசையில் பின்னால் வந்தவர்களுக்குப் பிழைப் பக்கம்தான். உலாவிகளின் கோரிக்கைகளை வாங்கும் டாம்கேட்டின் ஒவ்வோர் இணைப்பியும் இயல்பாக 200 திரெட்டுகள் வரை திறக்கும் என்பதால் நான்கில் 800 திரெட்டுகள் ஆகின்றன. செயலியில் எட்டு கோர்கள் (கணக்கிடும் மையங்கள்) இருந்தால், அவை மட்டும் எட்டாகவே இருக்கின்றன.

கட்டுரை தொடாத வேறொரு சிக்கலும் உண்டு. அலுவலக ஊழியர் ஒருவர் ஒரே உலாவியில் 8081 போர்ட்டில் சேர்க்கைப் பயன்பாட்டையும், பக்கத்து டேபில் 8082 போர்ட்டில் கட்டணப் பயன்பாட்டையும் திறக்கிறார். கட்டணத்தில் உள்நுழைந்துவிட்டுச் சேர்க்கைக்குத் திரும்பினால், மீண்டும் கடவுச்சொல் கேட்கிறது. அதைக் கொடுத்துவிட்டுக் கட்டணத்துக்கு வந்தால் இங்கே வெளியேற்றப்பட்டிருக்கிறார். காரணம், உலாவிகள் குக்கிகளை (உள்நுழைந்தவரை அடையாளம் காண இணையதளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளை) பிரித்து வைக்கும்போது போர்ட் எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு டாம்கேட்களும் ஜேசெஷன்ஐடி என்ற ஒரே பெயரில் குக்கி கொடுக்கின்றன. இரண்டு பயன்பாடுகளும் மூலப் பாதையில் (முகவரியில் பயன்பாட்டின் பெயர் சேராமல்) இருந்தால் ஒன்றின் குக்கி மற்றதன் குக்கியை அழித்து எழுதிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் குக்கியின் பெயரை மாற்றிவிடலாம். அதைவிட நல்லது, முன்னால் ஓர் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் சர்வரை வைத்து, பயன்பாட்டுக்கு ஒரு துணைக்களப் பெயர் கொடுத்து, போர்ட் எண்களை வெளியுலகுக்குக் காட்டாமலேயே இருப்பது. அந்த முன்சர்வரே பல இன்ஸ்டன்ஸ்களுக்கிடையே சுமையைப் பகிரும் வேலையையும் செய்வதாக இருந்தால், ஒருவர் உள்நுழைந்த இன்ஸ்டன்ஸுக்கே அவருடைய அடுத்தடுத்த கோரிக்கைகளும் போய்ச் சேரும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால், விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் மாணவர் திடீரென முதல் பக்கத்தில் நிற்பார். குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகள் பயன்பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் அவையும் ஒவ்வோர் இன்ஸ்டன்ஸிலும் ஓடும். கட்டண நினைவூட்டல் குறுஞ்செய்தி ஒரே பெற்றோருக்கு நான்கு முறை போன கதை எங்கள் தொழிலில் புதிதல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று நின்றாலும் இணையதளம் முடங்காது என்ற உறுதிமொழி. ஜாவா நிரலில் உள்ள பிழையால் ஓர் இன்ஸ்டன்ஸ் விழுந்தால் மற்றவை தொடர்ந்து ஓடும் என்பது சரி. ஆனால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பகுதி) எரிந்தால், வட்டு பழுதானால், நெட்வொர்க் கேபிள் கழன்றால், கெர்னல் மேம்பாட்டுக்காகக் கணினியையே ரீபூட் செய்ய நேர்ந்தால், நான்கும் ஒரே நொடியில் போய்விடும். வட்டு பழுதாகக்கூட வேண்டியதில்லை. கேடலினா அவுட் என்னும் லாக் கோப்பை டாம்கேட் தானாகச் சுழற்றுவதில்லை, ஆகவே நான்கில் ஏதேனும் ஒன்று பிழைச் செய்திகளைக் கொட்டத் தொடங்கி வட்டை நிரப்பிவிட்டால் மற்ற மூன்றும் அதனாலேயே திணறும். தொடர்ந்து இயங்க வேண்டும் என்பது நோக்கமானால், ஒரு பெரிய கணினியில் நான்கு இன்ஸ்டன்ஸ்களைவிட, இரண்டு சிறிய கணினிகளில் ஒவ்வொன்று வைப்பது மேல்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. 32-பிட் ஜாவாவின் காலத்தில் ஒரு செயல்முறையால் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை எட்ட முடியாது. ஹீப்புக்குக் கிடைத்தது அதைவிடவும் குறைவு. பெரிய கணினி வாங்கியவர்கள் அதன் நினைவகத்தை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள ஒரே பயன்பாட்டின் பல இன்ஸ்டன்ஸ்களை ஓட்டியே ஆக வேண்டியிருந்தது. 64-பிட் ஜாவா பரவிய பிறகு அந்தத் தேவை போய்விட்டது. ஜாவா 9 முதல் இயல்பாக வரும் ஜி1 துப்புரவு முறை பெரிய ஹீப்பையும் நீண்ட இடைநிறுத்தம் இல்லாமல் சமாளிக்கிறது. காரணம் மறைந்த பின்னும் அறிவுரை மட்டும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரே பயன்பாட்டுக்கு ஒரே கணினியில் இரண்டு இன்ஸ்டன்ஸ் வைப்பதற்கு இன்றும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. புதிய பதிப்பை ஏற்றும்போது ஒன்றை வரிசையிலிருந்து விலக்கி, மேம்படுத்தி, சோதித்துவிட்டு, பிறகு மற்றதைத் தொடலாம். பயனர்களுக்கு இடைவெளி தெரியாது. வெவ்வேறு பயன்பாடுகள் உள்ள இடத்தில் பதிப்பு மாற்றத்துக்கும் இது கைகொடுக்கிறது. டாம்கேட் 8.5-க்கான ஆதரவு 2024 மார்ச் 31 அன்று முடிந்துவிட்டது. டாம்கேட் 10-இல் நிரல்கள் அழைக்கும் நூலகங்களின் பெயர் முன்னொட்டு (பெயர்வெளி) ஜாவாக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறிவிட்டதால், பழைய பயன்பாடுகளை அப்படியே எடுத்து அதில் போட முடியாது. 9-க்கு ஒரு ஹோம், 10-க்கு ஒரு ஹோம் வைத்துக்கொண்டு, பேஸ்களை ஒவ்வொன்றாகப் புதிய ஹோமுக்கு மாற்றிக்கொண்டு போகும் நிறுவனம், ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றும் விபரீதத்திலிருந்து தப்பித்துவிடுகிறது. அண்மைக் காலமாக டாக்கர் கன்டெய்னர்களில் (ஒரே கணினிக்குள் மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து ஓட்டும் முறையில்) இதையே செய்கிறார்கள். போர்ட் மோதல் குறைகிறது, நினைவக வரம்பைக் கன்டெய்னருக்கே விதிக்க முடிகிறது. கீழே இருக்கும் கெர்னலும் எஸ்எம்பிஎஸ்ஸும் அங்கேயும் ஒன்றுதான்.

பாதுகாப்பில் ஒரு குறிப்பு. பிரித்து வைத்த இன்ஸ்டன்ஸ்கள் எல்லாம் டாம்கேட் என்ற ஒரே லினக்ஸ் பயனர் கணக்கில் ஓடினால், நூலகப் பயன்பாட்டின் ஓட்டை வழியே நுழைந்தவர் கட்டணப் பயன்பாட்டின் கான்ஃப் கோப்புறையில் உள்ள தரவுத்தளக் கடவுச்சொல்லையும் படித்துவிடுவார். இன்ஸ்டன்ஸுக்கு ஒரு பயனர் கணக்கு இல்லாத பிரிவினை பாதிப் பிரிவினைதான். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் எதையுமே ஓட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் ஓட்டுகிறார்கள்.

இவ்வளவையும் ஒரு நாளிதழுக்கு எழுதக் காரணம், கொள்முதல் முடிவுகளை எடுக்கும் முதல்வர்களும் செயலாளர்களும் படிப்பது தொழில்நுட்ப ஆவணங்களை அல்ல, தங்கள் இதழைத்தான். நான்கு அப்ளிகேஷன் சர்வர்கள் என்று எழுதி, அடியில் ஒரே ஒரு கணினியின் விலையையோ, சில நேரங்களில் நான்கு கணினிகளுக்கு உரிய பராமரிப்புக் கட்டணத்தையோ காட்டும் விலைப்புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்திடுபவர், எத்தனை இன்ஸ்டன்ஸ், அவை எத்தனை கணினிகளில், ஒவ்வொன்றுக்கும் ஹீப் எவ்வளவு, ஒரு கணினி முற்றிலும் நின்றுபோனால் எந்தச் சேவை தொடரும் என்று எழுத்தில் பதில் கேட்டால் போதும்; விற்பவர் உடனே இறங்கி வருவார்.

ஆகவே, நான்கு சர்வர்களுக்குச் சமம் என்ற வரியைத் தொடரின் அடுத்த பகுதியிலேயே திருத்தி, போர்ட் எண்கள், ஹீப் வரம்பு, தனிப் பயனர் கணக்கு ஆகியவற்றைக் கட்டுரையாளர் தனியாக ஒரு பகுதியில் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கைக் காலத்துக்கான ஒப்பந்தப்புள்ளிகளைக் கல்லூரிகள் கோரத் தொடங்குவதற்கு முன் அது வெளிவந்தால் பயன்படும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்,
திருச்சிராப்பள்ளி.